குருட்டு ஆற்றைத் துண்டித்தது ஆறா, மனிதரா? கண்டறியும் வழி

பள்ளிப் புவியியல் பாடத்தில் குதிரைக் குளம்பு ஏரி என்றும் குருட்டு ஆறு என்றும் இரண்டு பெயர்களில் படித்த நிலத்தோற்றம் பலருக்கு நினைவிருக்கும். சமவெளியில் ஓடும் ஆறு வெளிக்கரையை அரித்தும் உட்கரையில் மணலைச் சேர்த்தும் தன் வளைவைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. வளைவின் இரு முனைகளுக்கும் நடுவில் உள்ள கழுத்து மெலிகிறது. ஒரு வெள்ளத்தில் அந்தக் கழுத்து அறுந்து ஆறு நேராகப் பாய்கிறது. கைவிடப்பட்ட வளைவின் இரு வாய்களையும் வண்டல் அடைத்துவிட, அது ஏரியாக நிற்கிறது. ஆசிரியர் நான்கு படங்களில் கரும்பலகையில் வரைந்து முடித்துவிடுவார். அந்த நான்கு படங்களிலும் மனிதர் எவரும் இருக்க மாட்டார். ஆனால் ரைன், டான்யூப், டிசா, மிசிசிப்பி ஆகிய ஆறுகளின் ஓரமாக வரைபடத்தில் நாம் காணும் வளைந்த ஏரிகளில் கணிசமானவை மண்வெட்டியாலும் தூர்வாரும் எந்திரத்தாலும் உண்டானவை.

ஓர் ஏரியைக் காட்டி, இதை ஆறு துண்டித்ததா, மனிதர் துண்டித்தனரா என்று எவராவது கேட்டால், கணினியும் இணையமும் உள்ள எவரும் ஒரு மாலைப் பொழுதில் விடை சொல்லிவிட முடியும். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பல இடங்களைத் தொட்டுச் சென்றாலும், முழுமையாகச் செய்து காட்டுவதற்கு ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: சுவிட்சர்லாந்தும் ஆஸ்திரியாவும் சந்திக்கும் இடத்தில், போடன் ஏரிக்குச் சற்றுத் தெற்கே, டீபோல்ட்சாவ் என்ற ஊரைச் சுற்றி வளைந்து கிடக்கும் பழைய ரைன். படிக்கும்போதே வரைபடத்தைத் திறந்து அந்த ஊரைத் தேடி வைத்துக்கொண்டால் நல்லது.

ஏரியை விட்டுவிட்டு ஆற்றைப் பாருங்கள்

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர் செய்யும் தவறு, ஏரியின் வடிவத்தையே உற்றுப் பார்ப்பது. ஏரியின் வடிவம் இந்தக் கேள்விக்கு உதவாது. அந்த வளைவை உண்டாக்கியது எப்படியும் ஆறுதான். மனிதர் வெட்டியது வளைவை அன்று, வளைவைத் தவிர்க்கும் குறுக்குவழியை. ஆகவே சான்று எல்லாம் குறுக்குவழியில், அதாவது இன்று ஆறு ஓடும் பாதையில் இருக்கிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

டீபோல்ட்சாவில் பார்ப்போம். ரைன் இங்கே தெற்கிலிருந்து வடக்காக ஓடுகிறது. மேற்குக்கரை சுவிட்சர்லாந்து, கிழக்கே ஆஸ்திரியா. பழைய ரைன் கிழக்குப் பக்கமாக, ஹோஹெனெம்ஸ் என்ற ஆஸ்திரிய ஊரை நோக்கிப் பெரிய வில்லாக வளைந்து கிடக்கிறது. இன்றைய ரைனோ ஊருக்கு மேற்கே, சுமார் 6 கி.மீ. தூரம், அளவுகோல் வைத்துக் கோடு போட்டதைப் போலச் செல்கிறது. இந்த நேர்ப்பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆற்றின் அகலம் தொடக்கம் முதல் இறுதி வரை மாறவில்லை. இருபுறமும் ஆற்றை ஒட்டித் தாழ்வான கரை ஒன்று, சற்றுத் தள்ளி உயரமான கரை இன்னொன்று, இரண்டுக்கும் நடுவே நீளமான புல்வெளிப் பட்டை. நடுத்தர வெள்ளம் உட்கரைகளுக்குள் அடங்கும். பெருவெள்ளம் வந்தால் அந்தப் புல்வெளியும் ஆறாகும். தானாக ஓடும் ஆற்றுக்கு இந்த ஒழுங்கு வராது: அது ஓரிடத்தில் அகலும், ஓரிடத்தில் குறுகும், நடுவில் மணல்திட்டு போடும், கரையில் ஒரு பக்கம் செங்குத்தாகவும் மறுபக்கம் சாய்வாகவும் இருக்கும். இயற்கையாகக் கழுத்தறுந்த இடத்திலும் ஆறு சில காலம் நேராக ஓடுவது உண்டு. ஆனால் சில பத்தாண்டுகளிலேயே மீண்டும் வளையத் தொடங்கிவிடும். நூறாண்டு கடந்தும் ஒரு துண்டு நேராகவே இருக்கிறதென்றால், அதை நேராக வைத்திருக்க யாரோ பணம் செலவழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள்.

இந்தக் காட்சிக்குக் கண் பழக, இங்கிலாந்தின் தென்கடற்கரையில் கக்மியர் என்ற சிற்றாற்றின் முகத்துவாரத்தை முதலில் பார்த்துக்கொள்வது எளிது. 1846-இல் அங்கே நேரான கால்வாய் ஒன்றை வெட்டினார்கள். பழைய வளைவுகள் பாம்பு நெளிந்ததைப் போல அதன் பக்கத்திலேயே நீர் நிறைந்து கிடக்கின்றன. வளைவும் வெட்டும் ஒரே படத்தில் அடங்கிவிடும் என்பதால், வெட்டிய பாதை எப்படித் தோன்றும் என்று கற்க அதைவிடச் சிறிய, தெளிவான இடம் எனக்குத் தெரிந்து இல்லை.

இரண்டு நீளங்களை அளந்து வகுத்துப் பாருங்கள்

அடுத்து அளவு. பழைய வளைவு ஆற்றைவிட்டுப் பிரியும் இடத்தில் ஒரு புள்ளி, திரும்பச் சேரும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் இடையே வளைவு வழியாக எவ்வளவு தூரம், இன்றைய ஆறு வழியாக எவ்வளவு தூரம் என்று தனித்தனியே அளக்கவேண்டும். இணைய வரைபடங்களில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. வளைவில் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்தால்தான் அளவு சரியாக வரும், இருபது முப்பது புள்ளிகளுக்குச் சோம்பல் படக்கூடாது. அச்சிட்ட வரைபடமாக இருந்தால், தையல் நூலை லேசாக நனைத்து வளைவின் நடுக்கோட்டில் படியவைத்து, முனைகளில் மையால் குறியிட்டு, நூலை எடுத்து நீட்டி அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். நனைத்த நூல் தாளில் ஒட்டிக்கொள்ளும், நகராது.

வளைவின் நீளத்தைக் குறுக்குவழியின் நீளத்தால் வகுத்து வரும் எண் பேசும். மெலிந்த கழுத்து தானாக அறுந்த இடங்களில் இந்த எண் பெரியதாக இருக்கும். பல கிலோமீட்டர் வளைவைச் சில நூறு மீட்டரில் ஆறு தாண்டியிருக்கும், ஏனென்றால் கழுத்து அந்த அளவுக்கு மெலியும் வரை ஆற்றால் அதை அறுக்க முடியாது. மனிதருக்கு அந்தப் பொறுமை தேவையில்லை. தடித்த கழுத்தையும் அவர்கள் வெட்டுவார்கள். டீபோல்ட்சாவில் சுமார் 6 கி.மீ. வெட்டி மிச்சப்படுத்தியது ஏறத்தாழ 3 கி.மீ.தான், எண் ஒன்றரைக்கு அருகில் வருகிறது. இவ்வளவு அகலமான நிலத்தை, அதுவும் ஊரும் வயலுமாக இருந்த நிலத்தை, ஆறு ஒரே மூச்சில் அறுத்துக்கொண்டு இத்தனை நேராகப் போகாது.

இந்த எண்ணை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடவும் கூடாது. சரிவு மிகுந்த, கூழாங்கல் நிறைந்த ஆறுகள் கழுத்து மெலிவதற்கு முன்பே உட்கரை மணல்மேட்டின் குறுக்கே ஓர் ஓடை பறித்துக்கொண்டு போவது வழக்கம். அங்கும் எண் சிறியதாகவே வரும். அப்படிப்பட்ட ஓடை ஆறு தானே போட்ட மணலுக்குள்ளேயே ஓடும், சற்று வளைந்தும் இருக்கும்.

எதற்காக வெட்டினார்கள் என்று கேளுங்கள்

வளைவைச் சுற்றி இறங்கும் உயரமும் குறுக்கே இறங்கும் உயரமும் ஒன்றே. தூரம் மட்டும் குறைவதால் சரிவு கூடுகிறது, நீரின் வேகமும் இழுக்கும் திறனும் கூடுகின்றன. இந்தச் சிறு கணக்கில்தான் ஆற்றை வெட்டும் ஆசையும் அதன் பின்விளைவும் சேர்ந்தே அடங்கியிருக்கின்றன.

டீபோல்ட்சாவில் சிக்கல் கூழாங்கல். ஆல்ப்ஸ் மலையிலிருந்து ரைன் உருட்டிக்கொண்டு வரும் கல்லும் மணலும், பள்ளத்தாக்கு தட்டையாகும் இந்த இடத்தில் படிந்து ஆற்றின் அடித்தளத்தை உயர்த்திக்கொண்டே வந்தன. கரையை உயர்த்துவார்கள், ஆறும் உயரும், மீண்டும் கரையை உயர்த்துவார்கள். 1868-லும் 1890-லும் பெருவெள்ளங்கள் வந்தன. 1892-இல் ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஒப்பந்தம் செய்துகொண்டு இரண்டு இடங்களில் ரைனை வெட்ட முடிவெடுத்தன: ஒன்று போடன் ஏரிக்கு அருகே ஃபுசாக் வெட்டு, மற்றொன்று டீபோல்ட்சாவ் வெட்டு. முன்னது 1900-இல் திறந்தது. பின்னதற்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டும் சேர்ந்து ஆற்றை ஏறத்தாழ 10 கி.மீ. சுருக்கின. வேகம் கூடிய நீர் கல்லை இடையில் போடாமல் போடன் ஏரி வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது கணக்கு. கொண்டுபோய்ச் சேர்த்தது, ஏரியின் வாயில் வண்டல் குவிந்ததால், ரைனின் கரைகளை ஏரிக்குள்ளேயே நீட்டிக் கட்டவேண்டியதாயிற்று. செயற்கைக்கோள் படத்தில் ஏரிக்குள் இரண்டு மெல்லிய விரல்கள் நீண்டிருப்பது தெரியும்.

காரணத்தைத் தேடுவதில் நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. காரணம் இல்லாமல் யாரும் ஆற்றை வெட்ட மாட்டார்கள். காரணம் இருந்தால் காகிதம் இருக்கும். ஒப்பந்தம், செலவுக் கணக்கு, பொறியாளரின் வரைபடம், நிலம் இழந்தவர்களின் மனு என்று ஏதாவது ஒன்று எஞ்சியிருக்கும். சுவிஸ் நகரான பேசலுக்குக் கீழே ஓடும், மேல்ரைன் எனப்படும் பகுதியை ஜொஹான் காட்ஃபிரீட் டுல்லா என்ற பொறியாளர் 1817-இல் நேராக்கத் தொடங்கியபோது கரையோர ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள், வேலையைத் தொடரப் படைவீரர்களை அழைக்க வேண்டியிருந்தது. டுல்லா 1828-இல் இறந்துவிட்டார். வேலை 1876 வரை நீண்டது. பேசலுக்கும் ஜெர்மன் நகரான வோர்ம்ஸுக்கும் இடையே 354 கி.மீ. ஓடிய ஆறு 273 கி.மீ. ஆனது. ஹங்கேரியில் டிசா ஆற்றை நேராக்கும் வேலை, பால் வாஷார்ஹெய் வகுத்த திட்டத்தின்படி 1846 ஆகஸ்டில் தொடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட வெட்டுகள், 1,419 கி.மீ. நீளம் 966 கி.மீ. ஆகக் குறைந்தது. இப்படி ஓர் ஆற்றின் ஒரே பகுதியில், கிட்டத்தட்ட ஒரே வயதில், வரிசையாகக் குருட்டு ஆறுகள் கிடப்பதைக் கண்டால் ஐயப்படலாம். இயற்கை தன் வளைவுகளை வெவ்வேறு காலங்களில் அறுக்கும். அவற்றில் ஒன்று புதிதாகத் தெளிந்த நீரோடும், அடுத்தது பாதி தூர்ந்தும், இன்னொன்று வயலுக்குள் வெறும் ஈரக்கோடாகவும் தெரியும்.

எல்லைக்கோட்டைப் போட்டுப் பாருங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. வரைபடத்தில் நாட்டெல்லை, மாநில எல்லை, மாவட்ட எல்லை ஆகியவற்றைத் தெரியச் செய்யுங்கள். ஆறு எல்லையாக இருக்கும் இடங்களில், ஆறு மெல்ல மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும் என்றும், ஆறு திடீரெனப் பாதை மாறினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்றும் பொதுவாகச் சட்டம் கொள்கிறது. ஆகவே ஆற்றை விட்டுவிட்டு எல்லைக்கோடு தனியாக ஒரு வளைவைச் சுற்றிக்கொண்டு வந்தால், அந்த வளைவு திடீரெனத் துண்டிக்கப்பட்டது என்று எழுதிக்கொள்ளலாம்.

டீபோல்ட்சாவில் சுவிஸ்-ஆஸ்திரிய எல்லை இன்றைய ரைனோடு போகாமல், பழைய ரைன் வழியாகவே வளைகிறது. அதனால் டீபோல்ட்சாவ் ஆற்றுக்கு ஆஸ்திரியப் பக்கத்தில் இருந்துகொண்டே சுவிஸ் ஊராக இருக்கிறது. கீழே ஃபுசாக் வெட்டில் இதன் கண்ணாடிப் பிம்பத்தைப் பார்க்கலாம்: ஹோஹ்ஸ்ட், கைசாவ் ஆகிய ஆஸ்திரிய ஊர்கள் புதிய ரைனுக்கு மேற்கே, சுவிஸ் பக்கத்தில் மாட்டிக்கொண்டுள்ளன. ஒரு வெட்டு ஓர் ஊரை இப்புறம் தள்ளியது, மற்றொன்று இரண்டு ஊர்களை அப்புறம் தள்ளியது.

இந்த எல்லைக்கோடு வரைபடத்தோடு நின்றுவிடவில்லை. 1938-இல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியோடு இணைக்கப்பட்ட பிறகு, தப்பியோடிய யூதர்கள் பலர் ஹோஹெனெம்ஸ் வழியாக வந்து டீபோல்ட்சாவுக்குள் நுழைந்தார்கள். மற்ற பல இடங்களில் எல்லை என்பது கரைபுரண்டு ஓடும் ரைன்; இங்கே எல்லை என்பது பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஆறு கைவிட்டுப்போன, ஓட்டமில்லாத பழைய படுகை. செயின்ட் காலன் மாநிலக் காவல் அதிகாரி பவுல் குரூனிங்கர், எல்லை மூடப்பட்ட பின்பும் நூற்றுக்கணக்கானோரை உள்ளே விட்டார். 1939-இல் பணியிலிருந்து நீக்கப்பட்டார், பின்னர் தண்டனையும் பெற்றார். 1972-இல் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1995-இல்தான் அந்தத் தீர்ப்பு நீக்கப்பட்டது. இரண்டு ஊர்களையும் இணைத்துப் பழைய ரைன்மீது நிற்கும் சிறு பாலத்திற்கு 2012 முதல் அவர் பெயர். ஒரு குருட்டு ஆறு எவ்வளவு எளிதில் கடக்கத்தக்கது என்பதை நிலவியல் நூல்கள் எழுதுவதில்லை.

ஆனால் எல்லைக்கோடு சொல்வது ‘திடீரென’ என்ற சொல்லை மட்டுமே, ‘யாரால்’ என்பதை அன்று. அமெரிக்காவில் மிசௌரி ஆற்றின் ஓரம் உள்ள கார்ட்டர் ஏரியைப் பாருங்கள். அதே பெயர் கொண்ட ஊர் அயோவா மாநிலத்தைச் சேர்ந்தது, இருப்பதோ நெப்ராஸ்கா பக்கத்தில். எல்லை அங்கேயும் ஏரியைச் சுற்றித்தான் வருகிறது. அந்த வளைவை 1877-இல் வெள்ளம் தானே அறுத்தது. 1892-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாதை திடீரென மாறியதென்று கொண்டு பழைய எல்லையை நிலைநிறுத்தியது. மண்வெட்டிக்கு அதில் வேலையே இல்லை.

இரண்டு தேதியிட்ட வரைபடங்களுக்கு நடுவே நெருக்குங்கள்

இதுவரை சேர்த்தவை ஊகங்கள். அவற்றை உறுதியாக்குவது பழைய வரைபடம். வளைவில் ஆறு ஓடுவதைக் காட்டும் மிகப் பிந்திய வரைபடத்தையும், குறுக்குவழியில் ஓடுவதைக் காட்டும் மிக முந்திய வரைபடத்தையும் கண்டுபிடித்தால், துண்டிப்பு அந்த இரண்டு ஆண்டுகளுக்கும் நடுவே நடந்தது என்று ஆகிவிடும். சுவிட்சர்லாந்தைப் பொறுத்தவரை இது மிக எளிது: அந்நாட்டு நில அளவைத் துறையான சுவிஸ்டோப்போ, பழைய வரைபடங்களை எல்லாம் இணையத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஆண்டை நகர்த்திப் பார்க்கும் வசதியுடன் இலவசமாகத் தருகிறது. டீபோல்ட்சாவை நடுவில் வைத்துக்கொண்டு 1900-களிலிருந்து 1930-கள் வரை மெதுவாக நகர்த்துங்கள். முதலில் ரைன் கிழக்கே வளைந்து ஓடும். பிறகு மேற்கே நேர்க்கோடாக மாறிவிடும், வளைவு ‘பழைய ரைன்’ என்ற பெயருடன் தனியே நிற்கும். பழைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் நிலங்களுக்கு 18-ஆம் நூற்றாண்டு முதல் மூன்று முறை எடுத்த இராணுவ நில அளவைகள் இணையத்தில் கிடைக்கின்றன. டிசாவின் வெட்டுகளில் பலவற்றை அவற்றை ஒப்பிட்டே காணலாம். மிசிசிப்பிக்கு, 1944-இல் ஹரால்டு ஃபிஸ்க் வெளியிட்ட வண்ண வரைபடங்கள் உள்ளன. ஆறு முன்பு ஓடிய பாதைகளை எல்லாம் நாடாப் பின்னலாக ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டுபவை. அழகானவைதாம், ஆனால் அவற்றின் பழைய பாதைகள் ஆய்வாளர் மண்ணை வைத்து வகுத்தவை என்பதை மறந்து, நேரில் அளந்த வரைபடங்களைப் போல எடுத்துக்கொள்ளக் கூடாது.

எச்சரிக்கை ஒன்று. வரைபடத்தின் மூலையில் அச்சிட்ட ஆண்டும் நிலத்தை அளந்த ஆண்டும் வேறுவேறாக இருக்கும். அச்சிட்டவர்கள் பழைய அளவையையே மறுபதிப்பு செய்திருக்கலாம். ‘அளந்தது’, ‘திருத்தியது’ என்ற குறிப்புகளைத் தேடிப் படித்த பின்பே ஆண்டை எழுதுங்கள்.

மூன்றாவது பதிலும் உண்டு

ஆறு அறுத்தது, மனிதர் வெட்டினர் என்ற இரண்டுக்கும் நடுவே, மனிதர் தொடங்கி ஆறு முடித்த வெட்டுகளே உண்மையில் ஏராளம். முழு அகலத்துக்கு ஆற்றைத் தோண்டுவது 19-ஆம் நூற்றாண்டில் பெரும் செலவு. ஆகவே கழுத்தின் குறுக்கே குறுகிய வழிகாட்டி வாய்க்கால் ஒன்றை வெட்டி ஆற்றைத் திறந்துவிடுவார்கள். கூடிய சரிவில் பாயும் நீர் அதன் கரைகளைத் தானே அரித்துத் தனக்கு வேண்டிய அகலத்தை எடுத்துக்கொள்ளும், சில இடங்களில் அதற்குப் பல ஆண்டுகள் ஆகும். டுல்லாவின் முறை இதுதான். ஜெர்மனியின் ஹெஸ்ஸன் பகுதியில் கிளாஸ் குரோன்கே என்ற பொறியாளர் 1828-29-இல் வெட்டிய வெட்டும் அப்படியே. அது துண்டித்த பழைய வளைவுக்குள் கூகோப்ஃப் என்ற நிலம் தீவாகி, இன்று இயற்கைக் காப்பகமாக இருக்கிறது. டிசாவிலும் இதே வழி. இவற்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று வாதிடுபவர்கள் இருக்கிறார்கள். என் கணிப்பில் இவை மனிதர் செய்தவையே: வாய்க்கால் இல்லாவிட்டால் அந்த ஆண்டில் அந்த இடத்தில் ஆறு திரும்பியிருக்காது.

எதிர்த்திசையில் ஏமாற்றும் இடமும் இருக்கிறது. நானே அங்கே ஏமாந்தேன். மிசிசிப்பியின் கரையில் உள்ள விக்ஸ்பர்க் நகருக்கு எதிரே ஒரு வளைந்த ஏரி இருக்கிறது. அதன் அருகே, நிலத்தில் நேராக வெட்டிய கால்வாயின் தடமும் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862-லும் 1863-லும், நகரின் பீரங்கிகளுக்கு எட்டாமல் கப்பல்களைக் கொண்டுபோக வடக்குப் படையினர் அந்தக் கழுத்தை வெட்டப் பார்த்தார்கள். ஜெனரல் கிராண்டின் பெயரால் அந்தக் கால்வாய் அழைக்கப்படுகிறது. ஏரி இருக்கிறது, கால்வாய் இருக்கிறது, வரலாறும் இருக்கிறது என்று நான் ‘மனிதர் வெட்டியது’ என எழுதிவிட்டேன். கால்வாய் தோற்றுப்போன முயற்சி. ஆறு அதைத் தொடவில்லை. போர் முடிந்து 11 ஆண்டுகள் கழித்து, 1876 ஏப்ரலில், ஆறு வேறோர் இடத்தில் தானாகவே கழுத்தை அறுத்துக்கொண்டு நகரைக் கைவிட்டுப் போனது. பிறகு யாசூ ஆற்றைத் திருப்பிக் கொண்டுவந்துதான் விக்ஸ்பர்க்கின் துறைமுகத்திற்கு நீர் கொடுத்தார்கள். கால்வாய் ஒன்று பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது. இன்றைய ஆறு அந்தக் கால்வாயின் வழியே ஓடவேண்டும்.

அதே மிசிசிப்பியில் உண்மையாகவே வெட்டியவை 1930-களில் வந்தன. 1927-இன் பெருவெள்ளத்துக்குப் பிறகு, ஆற்றின் வெள்ள மட்டத்தைக் குறைக்க வளைவுகளை வெட்டுவதென்று, அதுவரை வெட்டக்கூடாது என்றிருந்த கொள்கையையே மாற்றினார்கள். ஹார்லி ஃபெர்குசன் என்ற ராணுவப் பொறியாளர் தலைமையில் நடந்த வெட்டுகள் ஆற்றை ஏறத்தாழ 150 மைல் சுருக்கின. கிரீன்வில் நகரின் முன்னே கிடக்கும் குருட்டு ஆற்றுக்கு ஃபெர்குசன் ஏரி என்றே பெயர். வெட்டியவரின் பெயரையே தாங்கி நிற்கும் ஏரிகள் அரிது. மற்ற பெயர்கள் இவ்வளவு வெளிப்படையாகப் பேசுவதில்லை: ஜெர்மனில் ‘பழைய ரைன்’, ஹங்கேரியில் ‘இறந்த டிசா’, அமெரிக்காவில் ‘பழைய ஆறு’ என்பவை எல்லாம் ஆறு போய்விட்டது என்று மட்டுமே தெரிவிக்கும், போகச் செய்தவர் யார் என்று தெரிவிக்காது.

கரையில் நின்று பார்க்க முடிந்தால்

மேசையில் இருந்தே விடை கிடைத்துவிடும் என்றாலும், நேரில் போக வாய்ப்பிருப்பவர்கள் இரண்டு செய்திகளைப் பார்த்து வரலாம். முதலாவது, ஏரியின் கரையில் வெள்ளத்தடுப்பு மேடு இருக்கிறதா என்பது. அசையாத ஒரு குளத்தை எதிர்த்து ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு எழுப்ப யாருக்கும் தேவையில்லை. அது ஆறு அங்கே ஓடியபோது எழுப்பியது. ஊரார் கரை கட்டி வாழத் தொடங்கிய பிறகே அந்த வளைவு துண்டிக்கப்பட்டது என்று அந்த மேடு சொல்லிவிடும். இரண்டாவது, இன்றைய வெள்ளக்கரை ஏரிக்கும் ஆற்றுக்கும் நடுவே ஓடுகிறதா, ஏரியையும் சேர்த்து அணைத்துக்கொண்டு ஓடுகிறதா என்பது. டிசாவில் இரண்டு வகையும் உண்டு. மார்தெய் என்ற ஊரில் உள்ள குருட்டு ஆறு கரைகளுக்கு உள்ளே இருக்கிறது, வெள்ளம் வந்தால் டிசா அதன்மேல் ஏறும். சோல்னோக் நகருக்கு அருகில் உள்ள அல்சி குருட்டு ஆறு கரைக்கு வெளியே இருக்கிறது, டிசாவின் வெள்ளம் அதை எட்டாது.

ஏரியின் இரு முனைகளையும் போய்ப் பாருங்கள். இயற்கையான அடைப்பு மணலும் வண்டலுமாகப் படிப்படியாக உயர்ந்து, நாணலும் நீர்விரும்பி மரங்களும் மூடிய சதுப்பாக முடியும்; மேல்முனை முதலில் தூரும், கீழ்முனை நெடுநாள் திறந்திருக்கும். மனிதர் அடைத்த முனையில் நேரான மண்கரை, அதன் அடியில் குழாய் அல்லது மதகு, மேலே வண்டிப்பாதை இருக்கும். முனை இரண்டும் மறைந்துபோய் ஏரியின் நடுவில் மட்டும் குடம்போல அகன்ற ஆழமான பகுதி தெரிந்தால் குழம்ப வேண்டாம். மேல்ரைனின் பழைய வளைவுகள் பலவற்றில் பின்னாளில் ஜல்லி தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்தக் குழி ஆற்றின் வேலையும் அன்று, வெட்டின் வேலையும் அன்று. டீபோல்ட்சாவ் பக்கம் போகிறவர்கள் லுஸ்டெனாவில் உள்ள ரைன் அருங்காட்சியகத்தையும் பார்க்கலாம். வெட்டுக்கும் கரைக்கும் கல் சுமக்கப் போட்ட குறுகிய ரயில் பாதையின் வண்டிகளை அங்கே வைத்திருக்கிறார்கள்.

குறிப்பு எழுதும் விதம்

முடிவில், ஒவ்வோர் ஏரிக்கும் ஒரே வடிவத்தில் குறிப்பு எழுதிவைத்தால் பிறகு ஒப்பிட எளிது. என் ஏட்டில் டீபோல்ட்சாவுக்கான குறிப்பு இப்படி இருக்கிறது: ஆறு: ஆல்ப்ஸ் ரைன். வளைவு: கிழக்கு நோக்கி. குறுக்குவழி: சுமார் 6 கி.மீ., நேர், சீரான அகலம், இரட்டைக் கரை. மிச்சம்: ஏறத்தாழ 3 கி.மீ. எல்லை: பழைய வளைவில். துண்டித்தது: மனிதர், முழுவதும். ஒப்பந்தம் 1892, திறப்பு 1923. காரணம்: கூழாங்கல் படிவு, வெள்ளம். விக்ஸ்பர்க்குக்கான குறிப்பில் ‘துண்டித்தது’ என்ற இடத்தில் ஓர் அடித்தல் இருக்கிறது, அதன்மேல் ‘ஆறு, 1876’ என்று திருத்தம்.